விட்டுப்போன ஏழாம் வரி

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஜீரோ மேடம் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஊர்க் குழாய்களில் வரும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, கிருமி வளர்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. கிருமி என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் வந்தால்தான் பேனாவைத் திறப்பாள். ஒன்றே ஒன்று வந்துவிட்டாலும் போதும், நீர்வழங்கல் பொறியாளரைப் போனில் பிடித்து உலுக்கி எடுத்துவிடுவாள். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்தானே? பட்டுக்கொண்டாள். வினை அங்கேதான் இருந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை சாமான் அலமாரியைச் சரிபார்ப்பார்கள். அன்று காலை மூக்கு நுனியில் கண்ணாடியும் கையில் பட்டியலுமாக அவள் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தட்டில் ஒரு பழுப்பு டப்பா. தயோசல்ஃபேட் என்னும் வெள்ளை உப்பு. மூடியைச் சுற்றி ஒட்டின நாடா பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. டப்பா வந்து சேர்ந்த தேதியை அவளே மேலே எழுதியிருந்தாள். ஏழு மாதத்துக்கு முந்தின தேதி. ஒரு டப்பா மூன்று மாதத்துக்கு மேல் வராது.

"அண்ணே!" என்று குரல் கொடுத்தாள்.

பாட்டில் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பாட்டில்களைக் கழுவி, காயவைத்து, நீராவியில் வேகவைத்துத் தயார் செய்பவர். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. அவரைவிட வயதில் மூத்த இயக்குநர்கூட அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"இந்த உப்பு டப்பா ஏன் பிரிக்காமலே இருக்கு? வேற டப்பா எங்கயாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லையே மேடம். அதைத்தான் இப்ப போடறதே இல்லையே."

"என்னது?"

"நீங்க புதுசா ஒட்டின தாள்ல அது இல்ல மேடம். புது முறையில வேண்டாம்னு எடுத்துட்டாங்க போலன்னு நினைச்சேன்."

அவள் டப்பாவைக் கையில் பிடித்தபடியே கழுவும் அறைக்கு ஓடினாள். ஓடினாள் என்றால் ஓடினாள்தான், அந்தக் கூடத்தில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. தொட்டிக்கு மேலே சுவரில், லேமினேட் செய்த தாள் பளபளவென்று தொங்கியது. பாட்டில் தயாரிக்கும் முறை, பத்து வரிகள், அடியில் அவள் கையெழுத்து. படித்தாள். மறுபடி படித்தாள். ஆறாவது வரி: பாட்டிலை முழுதும் உலர்த்தவும். ஏழாவது வரி: மூடியைத் தளர்வாகப் போடவும். நடுவில் வர வேண்டியது, உப்புக் கரைசல் சில சொட்டு விடவும் என்பது, இல்லை.

அந்தச் சில சொட்டு எதற்கு? ஊர்த் தண்ணீரில் கிருமியைக் கொல்ல குளோரின் போடுகிறார்கள். எங்கேயோ குழாய் விரிசல் விட்டுச் சாக்கடை கலந்தால், பக்கத்து வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும் கிருமியைத்தான் குடிப்பார். குளோரின் தன் வேலையை முடிக்க நேரம் வேண்டுமல்லவா? அதே தண்ணீர் பாட்டிலில் ஏறி, தெருத் தெருவாகச் சுற்றும் வண்டியில் மூன்று மணி நேரம் குலுங்கிக்கொண்டு வந்தால், வழியிலேயே குளோரின் மிச்ச வேலையையும் முடித்துவிடும். கூடத்துக்கு வந்து சேர்வது சுத்தமான தண்ணீர். பாட்டிலில் முன்கூட்டியே உப்பு இருந்தால், தண்ணீர் உள்ளே விழுந்த நொடியே குளோரினின் கை கட்டப்பட்டுவிடும். குழாயில் என்ன இருந்ததோ அதுவே மேஜைக்கு வரும். உப்பு இல்லாத பாட்டில் எப்போதும் பூஜ்ஜியம் சொல்லும். பூஜ்ஜியம் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாது அதற்கு.

ஏழு மாதமாக எல்லாத் தெருவுக்கும் எல்லா வாரமும் பூஜ்ஜியம் வந்ததே, அதன் ரகசியம் இதுதான். அவளோ நீர்வழங்கல் துறை தன் பேச்சைக் கேட்டுத் திருந்திவிட்டது என்று வீட்டில் வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்!

எப்படி விட்டது என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது. பழைய தாள் ஈரம் பட்டு நைந்து போயிருந்தது. அதைப் பார்த்து அவளே கணினியில் அடித்தாள். ஆறாவது வரி முடிக்கும்போது இயக்குநரிடமிருந்து போன். பேசிவிட்டு வந்து உட்கார்ந்து, விட்ட இடம் என்று எண்ணி எட்டாவதிலிருந்து தொடர்ந்துவிட்டாள். இலக்கத்தைக் கணினி தானாகப் போட்டுக்கொண்டது. ஒன்று முதல் பத்து வரை வரிசை பிசகாமல் இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? இரண்டு தடவை பிழை பார்த்தாள். ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தினாள், மகராசி.

"அண்ணே, பத்து வருஷத்துக்கு மேல போட்டுட்டிருந்த உப்பு. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

பாட்டில் அண்ணன் தரையைப் பார்த்தார். "கேக்கத்தான் வந்தேன் மேடம். அன்னிக்கு நீங்க கோவமா இருந்தீங்க. நான் ஒரு மூடிய மாத்தி வச்சிட்டேன்னு. 'தாள்ல இருக்கறதத் தவிர ஒரு துரும்பையும் நகத்தாதீங்க, உங்க மூளைய இதுல கலக்காதீங்க'ன்னு சொன்னீங்க. எல்லாரும் இருந்தாங்க. அதான் அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

சொன்னாள். அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தனக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

அப்போதுதான் மேட்டுத்தெரு ஞாபகம் வந்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஊரின் கடைக்கோடியில் இருக்கும் மேட்டுத்தெருவில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே வாரத்தில் வாந்தியும் பேதியும். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. சுகாதார அதிகாரி தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். நான்கு பாட்டில், நான்கிலும் பூஜ்ஜியம். கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, "தண்ணியில ஒண்ணுமில்ல, வேற இடத்துல தேடுங்க," என்றாள். தேடினார்கள். படுக்கையில் விழுந்தவர்களில் பாதிப் பேர் தெருமுனைக் கடையில் டீயும் ரொட்டியும் சாப்பிட்டிருந்தார்கள். அந்தத் தெருவில் வேறு கடையே கிடையாது, பின்னே எங்கே சாப்பிடுவார்கள்? கடையில் எடுத்துச் சோதிக்க மிச்சம் மீதி எதுவும் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் கடைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஷட்டரை இறக்கி சீல் வைத்தாயிற்று.

கடைக்காரர் ஒருநாள் கூடத்து வராந்தாவில் வந்து காத்திருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைக் கையைக் கீழே இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். "அம்மா, தண்ணிய இன்னொரு தடவ பாத்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். நின்றவாக்கிலேயே அவள் பதில் சொன்னாள்: "நாலு தடவ பாத்தாச்சுங்க. பூஜ்ஜியம்னா பூஜ்ஜியம்தான்." அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவள் அன்றைக்கே உப்பு போட்ட பாட்டில்களைத் தயார் செய்யச் சொல்லி, ஊரெங்கும் இருபத்து நாலு இடத்தில் தண்ணீர் பிடித்து வந்தாள். மேட்டுத்தெருவுக்குத் தானே போனாள். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. எல்லாம் சுத்தம். இப்போது வந்தது உண்மையான பூஜ்ஜியம். பழைய பதிவேடுகளையும் புரட்டிப் பார்த்தாள். தெருவே படுத்துக் கிடந்ததற்கு அடுத்த வாரம் மேட்டுத்தெருவில் குழாய் ஒன்றை மாற்றியதாக ஒரு வரி இருந்தது. விரிசலுக்காக மாற்றினார்களா, பழசாகிவிட்டது என்று மாற்றினார்களா? பொறியாளரைக் கேட்டாள், வேலையாட்களைக் கேட்டாள். யாருக்கும் நினைவில்லை.

இயக்குநர் கெட்டவர் அல்ல. அவள் சொன்னது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இப்ப தண்ணி நல்லாத்தான இருக்கு?"

"இருக்கு சார்."

"மறுபடி உப்பு போட ஆரம்பிச்சாச்சு. அவ்வளவுதான். முடிஞ்சுபோனதக் கிளறி ஊரைக் கதிகலங்க வைக்கணுமா? ஏழு மாசமா சோதிக்கலன்னு வெளிய தெரிஞ்சா, இனிமே நாம நிஜமாவே நல்ல தண்ணின்னு சொன்னாக்கூட ஒரு பயலும் நம்பமாட்டான்."

"மேட்டுத்தெருக் கடை சார்."

"தண்ணியாலதான் வந்துச்சுன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப கடையாவும் இருக்கலாம்ல? இருந்திட்டுப் போகட்டுமே." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாசத்துல நான் போயிடுவேன். இந்த நாற்காலிக்கு உங்க பேரை எழுதியனுப்பிட்டேன். எழுதித்தான் ஆகணும்னா ஒண்ணு பண்ணுங்க. பாட்டில் கழுவறவர் மறந்துட்டாருன்னு எழுதுங்க. அண்ணனுக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும். அவருக்கு ஒண்ணும் ஆகாது."

ஒரு கணம், பொய் சொல்வானேன், ஒரு கணத்துக்கும் அதிகமாகவே அவள் யோசித்தாள். அந்த வாக்கியம் மனசுக்குள் தானாகவே எழுதிக்கொண்டது. 'ஊழியரின் கவனக்குறைவால்.' எவ்வளவு வழவழப்பான வாக்கியம்! யார் கையிலும் குத்தாது. அப்படி யோசித்ததற்கே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக வந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நம்ம வீட்ல ஒரு டம்ளர் உடைஞ்சாக்கூட யாரு உடைச்சதுன்னு விசாரிச்சுத் தீர்ப்பு சொல்லாம உனக்குச் சோறு இறங்காது," என்றார்.

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"கிண்டல் இல்லம்மா." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கடையில நான் தினம் டீ குடிப்பேன், தெரியுமா? ஸ்கூல் விட்டு வர்ற வழி. சீல் வச்சப்புறம் அந்த ஆளைப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவேன். ஒரு நாள் அவரும் என்னைப் பாத்துட்டாரு. நான் போறதுக்கு முன்னாடி அவரே அந்தப் பக்கம் போயிட்டாரு, எனக்குச் சிரமம் வேண்டாம்னு."

"ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"நீ பூஜ்ஜியம்னு சொன்னியே. அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கணும்?"

அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "தெரியாதுன்னு எழுதியிருக்கணும்," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை கடிதம் எழுதத் தீர்மானித்து, கூடவே அந்தத் தாளையும் இணைக்கலாம் என்று கழுவும் அறைக்குப் போனால், சுவரில் தாளைக் காணோம். நான்கு மூலையிலும் பசை ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. பாட்டில் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவின பாட்டிலையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தாள் எங்க?"

"எந்தத் தாள் மேடம்?"

"அண்ணே!"

அவர் குழாயை நிறுத்தினார். "என் பையில இருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புல போட்டுடலாம்னு நினைச்சேன். நான்தான் மறந்துட்டேன்னு எழுதிடுங்க மேடம். என்னை யாரு என்ன பண்ணிடப் போறாங்க? நீங்க அந்த நாற்காலியில உக்காரணும். நல்லா வேலை பாக்கறவங்க உக்காரணும்ல?"

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் இந்த அறையில் ஒரு தடவை கத்தியதற்கே ஏழு மாதம் பாழாகிவிட்டது.

"நீங்க மறக்கலண்ணே. நான் சொன்னத அப்படியே செஞ்சீங்க. கேக்க வந்தவரை வாயடைச்சு அனுப்பினது நான். தாளைக் குடுங்க."

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிக்காமல், சோற்று டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

கடிதம் ஒரு பக்கம்தான். ஏழு மாத முடிவுகளையும் திரும்பப் பெறுவதாகவும், பூஜ்ஜியம் என்று எழுதிய ஒவ்வொரு கட்டத்திலும் தெரியாது என்று படிக்க வேண்டும் என்றும், தாளை எழுதியதும் கேள்வி கேட்க வந்த ஊழியரைத் தடுத்ததும் தானே என்றும் எழுதினாள். இயக்குநர் படித்துவிட்டு நீண்ட மூச்சு விட்டார். "உங்க தலையில நீங்களே கல்லைத் தூக்கிப் போட்டுக்கறீங்க," என்றார். ஆனால் முத்திரை குத்தி சுகாதார அதிகாரிக்கு அனுப்பிவைத்தார். அந்த நாற்காலிக்கு வேறு ஒருவர் பெயரை எழுதும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடிதம் மேஜை மேஜையாக ஏறி இறங்கி ஷட்டரைத் திறக்க எத்தனை வாரம் ஆகுமோ, ஆபீஸ் லட்சணம் அவளுக்குத் தெரியாததா? மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மேட்டுத்தெருவுக்குப் பஸ் ஏறினாள்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. கடைக்காரரின் மனைவி கதவைத் திறந்தாள். கடைக்காரர் சரக்குக் கிடங்கில் கூலிக்கு மூட்டை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட ஆரம்பித்தார்.

"உக்காருங்க அய்யா," என்றாள். தான் உட்காரவில்லை. பாட்டில், உப்பு, தாள், விட்டுப்போன வரி, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். ஒரு இடத்திலும் பூசி மெழுகவில்லை.

"அப்ப தண்ணியாலதானா?" என்றார் கடைக்காரர்.

"தெரியாதுங்க."

"நாங்க காரணம் இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் அந்த முகம் எப்படி மலரும் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. "அதுவும் தெரியாதுங்க," என்றாள். "இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. எனக்குத் தெரியும்னு சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு. அது என் தப்பு."

மனைவிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, நாலு மாசம்! என் தங்கச்சி என் கையால ஒரு வாய் காபி குடிக்க மாட்டேங்கறா. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல சமையல்கட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லாம சொல்றாங்க. இப்ப வந்து தெரியாதுங்கறே! தெரியாதுங்கறத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன கொள்ளை?"

"சொல்லியிருக்கணும்," என்றாள் அவள்.

கடைக்காரர் அலமாரிக்கு மேலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். பிரித்து அவளிடம் நீட்டினார். பக்கம் பக்கமாகப் பென்சிலில் எழுதியிருந்தது. காலை நாலு மணி, அடுப்பு பற்றவைத்தது. நாலே கால், கை கழுவியது, சோப்பு போட்டு. நாலரை, பெரிய பாத்திரம் கழுவியது, வெந்நீர். அந்த ஒரு நாளை மணிக்கணக்காக எழுதி, அடுத்த பக்கத்தில் அதே நாளை மறுபடியும் எழுதி, அதற்கடுத்த பக்கத்திலும் எழுதியிருந்தார். சில வரிகளுக்கு அடியில் கோடு. ஒரு இடத்தில், 'துணியை மாற்றினேனா?'

"எங்க தப்பு பண்ணினேன்னு பாத்துட்டிருந்தேம்மா," என்றார். "நீங்க படிச்சவங்க, நாலு தடவ பாத்திருக்கீங்க. அப்ப தப்பு என்கிட்டதான இருக்கணும்? இவகூட நம்பல. நான் நம்பிட்டேன்."

அவள் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள். இத்தனை வருஷமாக அவள் போட்ட கையெழுத்தை இப்படி எழுத்துக்கு எழுத்து நம்பியவர் இந்த மனிதர் ஒருவர்தான் என்று தோன்றியது.

"எழுதிக் குடும்மா," என்றாள் மனைவி. கோபம் இன்னும் தணியவில்லை. "இப்ப சொன்னதையே எழுதிக் குடு. பேரு, வேலை, கையெழுத்து எல்லாம் போட்டு."

நோட்டின் கடைசிப் பக்கத்தை மனைவியே கிழித்துக் கொடுத்தாள். அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். தண்ணீர் சரியாகச் சோதிக்கப்படவில்லை. நோய் எதனால் வந்தது என்று தெரியாது. இந்தக் கடையால் வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. முந்தின சோதனை முடிவு தவறு, அந்தத் தவறு என்னுடையது. பெயரை முழுதாக எழுதி, பதவியையும் எழுதி, கையெழுத்துப் போட்டாள். ஒரு தடவை படித்துப் பார்த்தாள். எந்த வரியும் விட்டுப்போகவில்லை.

கடைக்காரர் பசை கொண்டுவந்து, ஷட்டரில் சீல் அறிவிப்புக்குப் பக்கத்தில் தாளை ஒட்டினார். நான்கு மூலையையும் விரலால் நீவிவிட்டார். சீலைத் தொடவில்லை. மேட்டின்மேல் ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பெண் கைப்பையோடு நின்று எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். கடைசியில் கையெழுத்துக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்தார்.

"யாருங்க இது, தப்பு என்னோடதுன்னு எழுதியிருக்கறது?" என்று பொதுவாகக் கேட்டார்.

கடைக்காரர் அவள் இஷ்டம் என்பது போல ஷட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றார். தெருவில் அவளை யாருக்கும் அடையாளம் தெரியாது. பேசாமல் இறங்கி நடந்தால் பத்து நிமிஷத்தில் பஸ் நிறுத்தம்.

"நான்தாங்க," என்றாள் ஜீரோ மேடம்.